ரெஸ்ட் என்றால் மீதி

மார்ச் 4

அகராதிக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் தலையணையோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசினேன் என்பதுகூடப் பொய், சண்டை போட்டேன். "சிரிக்கிறவ நல்லா வாயைத் திறந்து சிரிச்சுட்டுப் போகவேண்டியதுதானே, கையை வச்சு மூடிக்கிட்டு என்னடி சிரிப்பு" என்று அதை நான் உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒழுகுகிற குழாயைப் பார்க்க வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்கிறார். யாரோடு பேசுகிறாய் என்றார். இங்கிலீஷ் பேசிப் பழகுகிறேன் என்றேன். தமிழில்தானே காதில் விழுந்தது என்றார். மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவர் குழாயைப் பார்த்ததைவிட உன் கட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். இன்னொரு அம்மா எங்கே, ஆளையே காணோமே என்று கேட்டார். உன் அத்தைக்குக் கால் உடைந்துவிட்டது, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொன்னேன். உனக்கு அத்தையே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. இது இரண்டு பேருக்கான அறை, ஒற்றை ஆளுக்கு விடுவதில்லை, அடுத்த மாதமும் கட்டில் காலியாக இருந்தால் வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் சிரித்தே மழுப்பிவிடுவேன், நீ "சரி சரி" என்றே மழுப்பிவிடுவாய். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "கட்டிலை இப்போதைக்கு விட்டுடாதே" என்று சொன்னாயே, அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லையா, முடிந்துவிட்டதா? அதை மட்டும் சொல்.

கல்யாண மண்டபத்தில் சாப்பிடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததற்குக் காரணம் கேட்டு உன் புருஷன் சோப்புக்காரர் போன் பண்ணினார். வயிற்றுவலி என்றேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

நம் ஹோட்டலின் பெரிய மண்டபத்தில் சலவைக்கட்டிலிருந்து மேஜைவிரிப்பு மாற்றப் போகிறபோதெல்லாம் கேட்டிருக்கிறேன். கல்யாண வரவேற்பென்றால் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் மைக்கைப் பிடித்து, இவன் இவளை எங்கே பார்த்தான், எப்படி வழிந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி" என்பான். எல்லோரும் கைதட்டுவார்கள். ரெஸ்ட் எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், மேற்பார்வையாளர் கொடுக்கமாட்டேன் என்கிறார். ஹிஸ்டரி என்றால் பழங்கதை. ஆக, கல்யாணம் ஆயிற்றா, ஓய்வென்பது இனிப் பழங்கதை. நீயே சொல், கல்யாணத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான வார்த்தை உண்டா? எவ்வளவு அறிவாளிகள் என்று கஞ்சிபோட்ட விரிப்புகளைச் சுமந்துகொண்டே வியந்திருக்கிறேன்.

அதைத்தான் உனக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். சோப்புக்காரர் அனுப்பிய தூளில் நம் ஹோட்டல் படுக்கைவிரிப்பெல்லாம் நீலமாகிப்போனதும், கிழிசல் தைக்கிற மேஜையில் இருந்த நீ இங்கிலீஷில் காரசாரமாகக் கடுதாசி போட்டதும், மன்னிப்புக் கேட்க அவரே வந்து உன் எதிரில் சட்டைப் பையில் மை ஒழுகுவது தெரியாமல் நின்றதும், எல்லாம் உன் வரவேற்பில் மைக்கைப் பிடித்துச் சொல்லி, கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னேன். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்காக, "அதாவது, இனிமே இவளுக்கு ஓய்வுங்கிறதே பழங்கதை" என்று விளக்கமும் கொடுத்தேன்.

சோப்புக்காரரின் மூத்த தாரத்து மகள் எழுந்து, "ஆன்ட்டி, அங்க ரெஸ்ட்னா மீதி. ஓய்வு இல்ல" என்றாள். காலேஜில் பாடம் நடத்துகிற பெண், குரல் எட்டும். மண்டபமே சிரித்தது. அது எனக்குப் பெரிதில்லை, நான் சிரிக்கவைக்கத்தானே மைக்கைப் பிடித்தேன். மேடையைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இத்தனை வருஷத்தில் நீ என்னை ஆயிரம் தடவை திருத்தியிருப்பாய். எல்லாம் என் காதோடு.

கோபமெல்லாம் இல்லை. கட்டிலுக்குப் பதில் போடு.

உன் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். அங்கும் நலமென நம்புகிறேன்.

வரவேற்பில் நடந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பெண் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. திருத்துவது அவள் தொழில். நீ அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். "நுணலும் தன் வாயால் கெடும்" என்பதுதான் பழமொழி. நுணல் என்றால் மண்ணுக்குள் இருக்கும் தவளை.

இங்கே வீடு பெரியது. ஐந்து அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று நன்றாக வரும். துணி துவைக்க இயந்திரம் இருக்கிறது. அவருடைய அம்மாவும் எங்களோடு இருக்கிறார்கள். அவர் வாரத்தில் பாதி நாள் சரக்கோடு வெளியூர் போய்விடுவார். மகள் சனிக்கிழமைகளில் வந்து போவாள். எல்லாம் முறையாக நடக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்தேன். நீ சொன்ன மாதிரியே, தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி.

கட்டில் விஷயம். வீட்டுக்காரரை வீணாகக் காக்கவைக்க வேண்டாம். யாருக்கு வேண்டுமோ கொடுத்துவிடு. தலையணையையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இஸ்திரி போடும்போது வாயை மூடிக்கொண்டு வேலை செய். சூடு பட்டுக்கொள்ளப் போகிறாய்.

அன்புடன்,
அகராதி

மார்ச் 23

அகராதிக்கு,

நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துக் கையெழுத்துக்குக் கீழே பதவியையும் போட்டிருந்தால், உன் கடிதத்தை ஹோட்டல் மேனேஜரிடமே கொடுத்திருப்பேன். உடனே லீவு கிடைத்திருக்கும்.

நீ சொன்னபடியே கட்டிலுக்கு ஆள் பார்த்தேன். நம் ஹோட்டல் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவள், புருஷன் இல்லாதவள், நம் வயதுதான். வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள். நல்ல வெளிச்சம் என்றாள். எனக்கு என்ன வந்ததோ, இந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி உண்டு என்று சொல்லிவிட்டேன். என் கட்டிலிலும் உண்டா என்று கேட்டாள். என் கட்டிலுக்கு வராது, நான் பேசுகிற பேச்சில் ஓடிவிடும் என்றேன். அவள் போய்விட்டாள். நீ அடுக்கிவைக்கிற படுக்கையில் மூட்டைப்பூச்சியாம். எனக்கே நாக்கு கூசியது.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. இருக்கவே இருக்காது என்று நீ குதிப்பாய். மெதுவாகக் கேள்.

அந்த ரெஸ்ட் சமாசாரத்தை யாரிடமும் கேட்கக் கூசிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் நம் ஹோட்டல் வரவேற்பு மேஜையில் இருக்கிறாரே கண்ணாடிக்காரர், அவருடைய சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்துக் கேட்டேன். அவர் பாவம், சிரிக்கவில்லை. ரெஸ்ட் என்றால் மீதிதான் என்றார். "ஆனா எல்லார்கிட்டயும் சொல்லிடக்கூடாதும்மா. கேக்கறவங்களுக்கு மீதிக் கதை ஏற்கெனவே தெரிஞ்சிருக்கணும். தெரியாதவங்ககிட்டச் சொன்னா, பாதி வழியில இறக்கிவிட்டுட்டு பஸ்ஸை எடுத்துட்டுப் போற மாதிரி" என்று விளக்கினார். கல்யாணத்தில் அதைச் சொல்வது ஏனென்றால், கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துதான் எல்லோரும் பந்திக்கே வந்திருக்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்தை எடு. கல்யாணமாகி இங்கே வந்தேன், மீதி ஊரறிந்த கதை என்று எழுதியிருக்கிறாய். யாரடி அறிந்தது? எனக்குத் தெரியாதே. ஐந்து அறை என்கிறாய், எந்த அறையில் நீ இருக்கிறாய் என்று எழுதவில்லை. இயந்திரம் இருக்கிறது என்கிறாய், எதற்கு இயந்திரம் ஓயாமல் ஓடவேண்டும் என்று எழுதவில்லை. மாமியார் இருக்கிறார்கள் என்றாயே தவிர, உட்கார்ந்திருக்கிறார்களா படுத்திருக்கிறார்களா என்று எழுதவில்லை. கடிதத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன். தைலமும் டெட்டாலும் மணக்கிறது. எழுத்து வேறு கோணல்மாணலாக, மடியில் வைத்து எழுதின எழுத்து. உன் எழுத்து அச்சடித்தாற்போல இருக்குமே, ஹோட்டல் துணியில் நீ நூலால் போட்ட எண்கூட மெஷினில் போட்டதென்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆகையால், தப்பான இடத்தில் சொல்லிவிட்டாய். உன் அகராதித்தனத்துக்கு இது அடுக்காது. மீதியை எழுது.

தவளையைத் திருத்தினதற்கு நன்றி. இந்த மாதத்தில் என்னைத் திருத்தின ஒரே ஆள் நீதான்.

வாயாடி

ஏப்ரல் 6

வாயாடி,

பதில் எழுத மூன்று தரம் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ சொன்னது சரி. அது தப்பான இடம்.

அத்தை, அதாவது அவருடைய அம்மா, படுக்கையில்தான் இருக்கிறார்கள். வாதம் வந்து வலது பக்கம் கைகால் வராது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் நன்றாக இருக்கிறது, நான் எங்கே போனாலும் கூடவே வருகிறது. புண் வராமல் இருக்கப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு விரிப்பு காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடுகிறது. ஊரார் படுக்கைவிரிப்பெல்லாம் தைத்தேனே, இந்த வீட்டில் ஒன்றைத் தைக்க நேரமில்லை. கிழிந்ததையே மடித்துப் போடுகிறேன். நீ பார்த்தால் திட்டுவாய்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் எல்லாம் சொன்னார். ஒளிக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் இருந்தார், கல்யாணமான வாரமே நின்றுவிட்டார். வேறு ஆள் பார்க்கட்டுமா என்று இவர் கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். வந்த புதிதில் வேறென்ன சொல்வது? அவர் நல்ல மனிதர். வீட்டில் இருக்கும் நாட்களில் பாத்திரம் துலக்குகிறார். ஆனால் பேசமாட்டார். லாரியில் தனியாகவே போய்ப் பழகிவிட்ட மனிதர். சாப்பாடு போட்டால், "போதும்" என்பார். அது ஒன்றுதான் பல நாள் எனக்குக் கிடைக்கிற பேச்சு. அதில் திருத்த ஒன்றுமில்லை.

இதை எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நாளும் யோசித்தேன். இந்த வீட்டில் தப்பாகப் பேச ஆள் இல்லை. நீ "ஆஸ்பத்திரி"யை "ஆசுபத்துரி" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாயே. வேண்டுமென்றே சொல்கிறாய் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் திருத்தினேன். இங்கே ஒருநாள் அத்தையிடம் நானே தப்பாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். கண் மட்டும் என் மேல் வந்தது. வேறொன்றும் இல்லை.

இனி, அந்தச் சிரிப்பு. தாலி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மண்டபம் முழுக்க அவர்கள் ஆட்கள், எனக்கென்று நீ ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காவிட்டால் உன் பக்கம் நிற்கிறவள் என்று ஆகிவிடும், கடைசிவரை அவர்களுக்கு வெளியாளாகவே இருந்துவிடுவேன் என்று ஒரு பயம். கை தானாக வாய்க்குப் போயிற்று. சிரிப்பை மறைக்க இல்லை. சிரிக்கவில்லை என்பதை மறைக்க. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நீ வாசலைப் பார்த்து நடந்ததைப் பார்த்தேன். மாலையைக் கழற்றிவிட்டு ஓடிவந்திருக்கலாம். வரவில்லை.

இன்னொன்று. அந்தப் பெண் சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் நீ கொடுத்த அர்த்தம்தான் பலித்திருக்கிறது. ஓய்வென்பது எனக்குப் பழங்கதை.

இதைப் படித்துவிட்டு ஏதாவது செய்கிறேன் என்று கிளம்பாதே. கேட்டாய், எழுதினேன். அவ்வளவுதான்.

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

அகராதி

ஏப்ரல் 13

அகராதி,

கிளம்பாதே என்று எழுதியிருந்தாய். நான் கிளம்பவில்லை. அவர்தான் வந்தார்.

மாதாமாதம் ஹோட்டலுக்குச் சோப்புத்தூள் இறக்க உன் வீட்டுக்காரர் வருவார் என்பது உனக்கு மறந்துபோயிற்றா, இல்லை என் வாய்க்கு விடுமுறை என்று நினைத்தாயா? பின்வாசலில் மூட்டையை எண்ணிக்கொண்டு நின்றார். சட்டைப்பையில் இப்போது மை ஒழுகவில்லை. அது நீ செய்த வேலை என்று கண்டுகொண்டேன்.

நான் எப்போதும்போல, என்ன சோப்பு மாப்பிள்ளை, இந்த முறை எந்தக் கலர் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்றேன். நன்றாக இருக்கிறாள் என்றார். தூங்குகிறாளா என்றேன். யோசித்தார். அகராதி, அந்த மனிதர் ஒரு மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"அவ சொல்லமாட்டா மாப்பிள்ளை. அவளுக்கு எதுக்கும் சரியான வார்த்தை கிடைக்கணும். கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டா. நீங்களும் திறக்கமாட்டீங்க. அப்புறம் அந்த வீட்டுல மெஷின்தான் பேசிக்கிட்டிருக்கும்."

அவர் மூட்டையை இறக்கிவைத்தார். உன் கடிதத்தைக் காட்டவில்லை, ஒரு வரிகூடச் சொல்லவில்லை. விரிப்பு எத்தனை நனையும், ஒருத்தி எத்தனை அலசமுடியும் என்பது சலவைக்காரிக்குத் தெரியாதா, அதை மட்டும்தான் சொன்னேன். அவர் தங்கை ஒருத்தி இருக்கிறாளாமே, அவளை வரச்சொல்லட்டுமா என்று என்னையே கேட்டார். என்னை ஏன் கேட்கிறீர்கள், பெண்டாட்டியைக் கேளுங்கள் என்றேன். கேட்கிறேன் என்றார். கேட்டாரா?

நீ திட்டப்போகிறாய். திட்டு. தலையணை பதிலே சொல்வதில்லை.

சிரிப்பைப் பற்றி எழுதியதைப் படித்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். மைக்கை வாங்கி வைத்த பையனிடம்கூட நான் போய்வருகிறேன் என்று கைகாட்டிவிட்டுத்தான் போனேன். உன்னிடம் காட்டவில்லை. அது என் பங்குத் தப்பு.

வீட்டுக்காரர் மறுபடி வந்தார். அத்தையின் கால் சேர்ந்துவிட்டதா என்றார். இன்னொரு காலும் உடைந்துவிட்டது என்றேன். நாலு கால் இருக்கிற அத்தையாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருப்பேன்.

வாயாடி

ஏப்ரல் 22

வாயாடி,

உன்னை யார் பேசச் சொன்னது? அவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "உனக்கு ரெஸ்ட் வேணுமா?" என்று கேட்டார். ஐந்து அறையும் எனக்குச் சுற்றியது. கோபத்தில் அழுதேன் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

அவர் தங்கை வருகிறாள். பகலுக்கு நிரந்தரமாக ஓர் ஆளும் பார்த்திருக்கிறார். மகளிடமும் அவரே பேசினார். அவள் எனக்குப் போன் பண்ணி, "ஆன்ட்டி, உங்க ஃப்ரெண்டு தப்பா நினைச்சுக்கலையே?" என்று கேட்டாள். நினைத்துக்கொண்டாள் என்று சொன்னேன். ஸாரி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள். இதை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லமுடியாது: பத்து நாள் கழித்து நான் திரும்பிவிடுவேன். அவர் கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார். அடுத்ததைக் கேட்க நான் அங்கே இருக்கவேண்டும். அத்தையின் கண்ணும் தேடும்.

அதனால் அந்தக் காய் நறுக்குகிறவளைக் கூப்பிட்டு, மூட்டைப்பூச்சி இல்லை என்று சொல்லிவிடு. என் பெயரை ஏன் கெடுக்கிறாய்?

அகராதி

ஏப்ரல் 25

அகராதிக்கு,

இது உனக்கு முன்னால் வந்து சேருமா, நீ இதற்கு முன்னால் வந்து சேருவாயா தெரியவில்லை. எழுதிப் பழகிவிட்டது, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

காய் நறுக்குகிறவளைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். மூட்டைப்பூச்சியெல்லாம் போய்விட்டது என்றேன். எப்படிப் போயிற்று என்றாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டது என்றேன். நீ ஊர் திரும்பின மறுநாள் அவள் பெட்டியோடு வருகிறாள். வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. அத்தைக்கு இரண்டு காலும் சேர்ந்துவிட்டதைக் கேட்டு அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். நல்ல மனிதர். குழாய்தான் ஒழுகுகிறது.

அவள் கொஞ்சம் குறட்டை விடுவாள் என்று சமையற்கட்டில் சொல்கிறார்கள். விடட்டும். அறையில் ஏதாவது சத்தம் இருக்கும். அவளுக்கு என்னைத் திருத்தத் தெரியாது. நான் "ஆசுபத்துரி" என்றால் அவளும் "ஆசுபத்துரி" என்பாள். போகப் போகப் பழகிவிடும்.

பத்து நாளும் நீ அந்தக் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது. டீ படுக்கைக்கு வரும். விரிப்பு நான் துவைத்தது, நீ தைத்தது. நீ நூலால் போட்ட எண் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. உனக்கென்று ஒரு தலையணை உறையும் செய்தேன். நீ போட்ட எழுத்து மாதிரி வராது, இருந்தாலும் கண்ணாடிக்காரரிடம் இங்கிலீஷில் நான்கு எழுத்தைப் பெரிதாக எழுதி வாங்கி, அதன் மேலேயே நீல நூலால் தைத்தேன். ரெஸ்ட். ஓய்வு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மீதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, உன் இஷ்டம்.

உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் படித்தேன். பத்து நாள் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டாம் தரம் படித்தேன். பெட்டியைக் கடைசி எழுத்தின் மேல் வைத்திருந்திருக்கிறேன். அது கருகிவிட்டது.

மீதி நன்றாக இருக்கிறது.

வாயாடி